இரும்பு விலைக்கு ஒரு மோட்டர்

இராயப்பன் நேசராணிக்கு எழுபத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டார். கைமாற்றாக வாங்கியதல்ல, நீதவான் தலையில் கட்டிய கடன்.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, பண்டாரவளையில் சொந்தமாகப் பழைய இரும்புக் கடை போட்ட மனுசன். லேசுப்பட்ட ஆளா? எந்தச் சாமானையும் கையில் தூக்கியே எடை சொல்வார். தராசு அதற்குப் பிறகுதான் ஆமாம் போடும்.

அவரிடம் ஒருவன் தண்ணீர் மோட்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். நன்றாக ஓடுகிற மோட்டர். அதை எவன் இரும்பு விலைக்குத் தருவான்? இராயப்பன் கேட்கவில்லை. தராசில் நிறுத்தார், இரண்டாயிரம் கொடுத்தார், அன்றைக்கே உடைத்துச் செம்புக்கம்பியை உருவிவிட்டார்.

அது நேசராணியின் மோட்டர். தோட்டத்து ஓரத்தில் அவள் போட்டிருந்த போஞ்சி, தண்ணீரில்லாமல் கொடியோடு காய்ந்தது. பிடிபட்ட கள்ளன் நேரே இராயப்பன் கடையைக் காட்டினான்.

நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி சொன்னார்: "களவுச் சாமான்னு தெரியாதுன்னு சொல்லுங்க ஐயா. தெரிஞ்சு வாங்கினாத்தான் குற்றம்."

"எனக்கா தெரியாது? எவன் சார் நம்புவான்?"

"இந்தப் பெருமையை உள்ள வந்து பேசிறாதீங்க."

உள்ளே நீதவான் கேட்டார்: "ஓடுற மோட்டரை ஏன் இரும்பா நிறுத்து வாங்கினீங்க?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எதிர் வாங்குப் பலகையில் நேசராணி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதாங்க வாங்கினேன்."

முதல் குற்றம், தானே ஒப்புக்கொண்டார் என்பதை நீதவான் ஒரு பக்கம் வைத்தார். தொழில் தெரிந்த வியாபாரி, அடிமாட்டு விலை, திருப்பிக் கொடுக்கப் பொருளே மிச்சமில்லை என்பதெல்லாம் மறுபக்கம்.

"உங்களைப் போல ஆள் வாங்கிறதாலதான் அவன் எடுக்கிறான்" என்றார்.

ஆறு மாதச் சிறை. அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தார். நேசராணிக்கு நட்டஈடாக எழுபத்தையாயிரத்தை அடுத்த தவணையில் தன் முன்னால் கொடுக்க வேண்டும், தவறினால் உள்ளே போக வேண்டும் என்றார்.

சிறை தப்பியதற்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இராயப்பன் மட்டும் அந்த மாதம் முழுக்கக் கடையில் ஒரு சாமானையும் கையில் தூக்கிப் பார்க்கவில்லை.

தவணை நாளில் நீதவான் முன்னால் பணக்கட்டை நீட்டினார். "சரியா இருக்கும்மா."

நேசராணி வாங்கவில்லை. "நீங்களே எண்ணிக் குடுங்க மொதலாளி. என் மோட்டரை மட்டும் நல்லா நிறுத்துத்தானே எடுத்தீங்க?"

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். இராயப்பன் தலை நிமிரவில்லை. அவள் விரித்த உள்ளங்கையில், ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி வைத்தார்.