பன்னிரண்டு பேர் படகு

"…பன்னெண்டு பேருன்னு படகுலயே எழுதிப் போட்டிருக்குப்பா. இப்ப பதினஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. முதலாளி கிளம்பு கிளம்புன்னு நிக்காரு" என்றாள் மகள், போன் திரையில்.

அந்தமானில், கடலுக்கு அடியில் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களை முக்குளிக்கக் கூட்டிப்போகும் படகில் அவளுக்கு வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பழக்கம் பாருங்கள், என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லேன் மக்கா. மூணு பேருதானே!"

புளியங்குடிக்கு நான் வண்டி ஓட்டுவதே அப்படித்தான். பின்னால் இடமில்லையென்றால் என் சீட்டில் பாதியைக் கொடுத்துவிடுவேன். எலுமிச்சை வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா, "அண்ணாச்சி, உம்ம ஆட்டோவுக்கு மட்டும் வயிறே நெறையாது" என்பாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மகள் சிரிக்கவில்லை.

"ஓரமா நிப்பாட்டி எறக்கிவிட இது ஆட்டோவாப்பா? ஆளாளுக்குக் காத்து சிலிண்டர் வேற கெடக்கு, அம்புட்டும் இரும்பு. தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தர் மேல வந்தா எல்லாரும் அந்தப் பக்கமே போய் எட்டிப் பாக்காங்க. படகு சாயுது. மிதவைச் சட்டையும் பன்னெண்டுதான்."

"நீ போட்டிருக்கியாட்டி?"

"பத்தலைன்னு என்னுதையும் கழட்டிக் கொடுத்துட்டேன்."

சின்னப் பிள்ளையில் அவளையும் என் சீட்டு ஓரத்தில்தான் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவேன். வளைவில் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். அங்கே யார் பிடிப்பார்கள்?

"அண்ணாச்சி, வண்டிய எடுக்கேரா, இல்ல நாங்க பஸ்சுக்குப் போவட்டுமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். நான் திரும்பவில்லை.

"நீ எறங்கிரு மக்கா. வேல போனா போவுது."

"நான் எறங்கிட்டா இந்தப் பதினஞ்சு பேரு?"

"கயித்த அவுத்தாச்சு, போன வையும்மா!" என்று ஓர் ஆண்குரல் அங்கே அதட்டியது. இன்ஜின் சத்தம் கேட்டது.

அவள் போனைப் படகின் பலகையில் சாய்த்து வைத்தாள். ஒரே தாவலில் கரை மேடையில் ஏறி, அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து, கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.