டிமுர்பாரியின் சைரனும் ஒரு மூட்டை உப்பும்

மூன்று வாரமாக எங்கள் மாவட்டத் தலைநகர் பஸ் நிறுத்தத்தில் இதே பேச்சு. டிமுர்பாரி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானத்தை எருமைகள் துரத்திவிட்டனவாம். சைரன் ஊதி அவற்றை வரவழைத்ததே விமான நிலையத்து ஊழியர்தானாம். அதற்குக் கூலியாக வீட்டுக்கு வீடு பால் வாங்குகிறாராம். மோமோ விற்பவர் கணக்கில் எருமைகள் நூறு. சலூன்காரர் கணக்கில் முந்நூறு. அதில் ஒன்று விமானத்தின் சக்கரத்தை வேறு முட்டியிருந்தது.

இந்த மாவட்டத்தில் முந்நூறு எருமைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும் என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நகர சபைக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் பதினோரு பேரே வந்து சேருவதில்லை. ஆகவே மண்சரிவை அள்ளிப் பாதையைத் திறந்த மறுநாள் ஜீப் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

டிமுர்பாரி விமான நிலையம் என்பது மலை முதுகைச் சீவி எடுத்த ஐந்நூற்று முப்பது மீட்டர் புல்தரை. ஒரு முனையில் மலை, மறு முனையில் பள்ளம். மலையைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். மாற்றிச் செய்தவர் யாரும் திரும்பி வந்து அனுபவத்தைச் சொன்னதில்லை. முனையம் என்று பலகை மாட்டிய தகரக் கூரை அறை ஒன்று உண்டு. அதற்குள் ஆளையும் மூட்டையையும் நிறுக்க ஓர் எடை மேடை, சூரியத் தகட்டில் ஓடும் வயர்லெஸ், ஒரு பெஞ்சு. சாவி தொலைந்துபோன கழிவறையும் உண்டு. அது திறப்பு விழா அன்று மட்டும் திறந்திருந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழிந்துபோனதும் ஊழியரின் மனைவி ஜூனா தன் பழைய ஆரஞ்சுச் சட்டையின் ஒரு கையை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அன்று முதல் எங்கள் மாவட்டத்தின் காற்று ஜூனாவின் கை காட்டும் பக்கம்தான் வீசுகிறது.

அந்த ஊழியர்தான் பிர்க்கமான் ராய். வயது நாற்பத்தேழு. ஊரில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் தாஜு, அதாவது அண்ணன். அவருடைய சொந்த மாமாகூட அவரைத் தாஜு என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் பிறந்த வருஷம்தான் இந்த ஓடுபாதையை வெட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் பதினைந்து நாள் கூலியில்லாமல் மண் சுமக்க வேண்டும் என்று உத்தரவு. பிர்க்கமானின் அம்மா ஒரு கூடையில் மண்ணும் இன்னொரு கூடையில் பிர்க்கமானுமாகச் சுமந்தாள். "ஒரு தடவ கூடை மாறிப்போய் என்னக் கொட்டிட்டாங்க" என்கிறார் அவர். "அதான் நான் இங்கயே கிடக்கேன்." முதல் விமானம் வந்தபோது அதற்குத் தின்னப் புல்லுக்கட்டு கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எங்கள் மலைகளில் ஒவ்வோர் ஊரும் இதைப் பக்கத்து ஊரைப் பற்றிச் சொல்லும். டிமுர்பாரியிலும் விசாரித்தேன். அது பக்கத்து ஊரில் நடந்தது என்றார்கள்.

பிர்க்கமான் இருபத்திரண்டு வயதில் மூட்டை தூக்குபவராகச் சேர்ந்தார். பிறகு எடை போடுவதும் சைரன் ஊதுவதும் அவர் தலையில் விழுந்தன. எடை மேடையில் ஏறாதவர் விமானத்தில் ஏற முடியாது என்பதால் ஊரில் எல்லோருடைய எடையும் அவருக்கு மனப்பாடம். பெண் பார்க்கப் போகும் முன்பே பெண்ணின் எடை தெரிந்திருந்த ஒரே மாப்பிள்ளை அவர்தான். ஜூனா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

"எருமையக் கூப்பிட்டது உண்மையா தாஜு?" என்று கேட்டேன்.

"உண்மைதான். ஆனா எருமைன்னு மட்டும் எழுதிடாதீங்க. பசுவும் இருந்துச்சு, ஆடும் இருந்துச்சு. விட்டுட்டா ஆட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"பால்?"

"மோர். அதுவும் ரெண்டு வீட்ல. ஒரு வீட்ல தண்ணி கலக்கறாங்க."

வதந்தியில் பாதி இப்படிப் பத்து நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது. மீதிப் பாதியைச் சரிபார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் டிமுர்பாரிக்கு ஜீப் பாதை வந்தது. முதல் ஜீப்பை ஓட்டி வந்தவன் பூர்பா தமாங். விமானக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு, எட்டு மணி நேரம் குலுக்கி, உயிரோடு மாவட்டத் தலைநகரில் சேர்த்தான். விமானம் "தற்காலிகமாக" நின்றது. பூர்பா தினமும் காலையில் முனையத்தின் முன்னால் வண்டியை மெதுவாக்கி, "தாஜு, இன்னிக்கு ஜெட்டு எத்தன மணிக்கு?" என்று கேட்பான். "உன் டயர் பஞ்சரான அடுத்த நிமிஷம்" என்பார் இவர். இது ஆறு வருஷமாக நடந்தது. இருவரும் சலித்துக்கொள்ளவே இல்லை.

விமானம்தான் நின்றது, விமான நிலையம் நிற்கவில்லை. காட்மாண்டுவில் இருந்த ஹாகிம், அதாவது மேலதிகாரி, ஓடுபாதையில் புல் வெட்ட வருஷாவருஷம் பணம் ஒதுக்கினார். ஆனால் புல்லை மாடுகள்தான் வெட்டின. மலை முழுக்க அதுபோல மெத்தென்ற புல் வேறெங்கும் கிடையாது. யார் மாடு முதலில் நுழைகிறது என்பதில் அடிதடியாகி, ஒருவர் பல் போய், கடைசியில் ஊர் கூடிப் பேசினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும், ஒரு வாய்கூட யாருக்கும் முந்தக் கூடாது. நேரத்தை யார் சொல்வது என்று வந்தபோது எல்லோரும் பிர்க்கமானைப் பார்த்தார்கள்.

விதிப்படி அவர் தினமும் சைரனை இயக்கிப் பார்த்தாக வேண்டும். அதைக் காலை பத்து மணிக்குச் செய்வதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சைரன் அலறும், நாற்பது தொழுவங்களில் கயிறு அவிழும். ஓடுபாதையிலிருந்து மாடுகளை விரட்டுவதற்கென்று அரசாங்கம் வாங்கிக் கொடுத்த கருவி, மாடுகளை ஓடுபாதைக்கு அழைக்கும் கருவியானது இப்படித்தான். ஆறு வருஷத்தில் மாடுகளே பழகிவிட்டன. சைரன் கேட்டதும் கயிற்றை அவையே இழுக்க ஆரம்பித்தன.

போன மாதம் மழையில் ஜீப் பாதை மூன்று இடத்தில் சரிந்தது. அதே வாரம் பூர்பாவின் மனைவி ரஸ்மிலாவுக்கு வலி கண்டது. இரண்டு நாளாகியும் குழந்தை வரவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் கையைப் பிசைந்தாள்: "குறுக்க கிடக்கு. அறுத்துத்தான் எடுக்கணும். இங்க என்கிட்ட கத்தரிக்கோல் மட்டும்தான் இருக்கு." ஹெலிகாப்டருக்குக் கேட்ட தொகைக்குப் பூர்பாவின் ஜீப்பை விற்றாலும் அதன் வால்கூட வராது. கடைசியில் வார்டு தலைவர் எங்கெங்கோ பேசி, பக்கத்து மாவட்டத்துக்கு அரிசி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் சிறு விமானம் ஒன்று டிமுர்பாரியில் இறங்க ஏற்பாடு செய்தார்.

அன்று காலை மலை முழுக்க மூடுபனி. பத்து மணிச் சைரனை பிர்க்கமான் ஊதவில்லை. விமானம் வரப்போகிறதே. மாடுகள் தொழுவத்தில் பசியோடு நின்றன. மாட்டுக்காரர்கள் கயிற்றைக் கையில் பிடித்தபடி, "என்ன தாஜு தூங்கிட்டாரா?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு வயர்லெஸ்ஸில் விமானியின் குரல் கேட்டது. இன்னும் இருபது நிமிஷம்.

விமானம் வரும் முன் மூன்று தடவை சைரன் ஊத வேண்டும்: இருபது நிமிஷத்துக்கு முன் ஒன்று, பத்துக்கு முன் ஒன்று, ஐந்துக்கு முன் ஒன்று. ஆறு வருஷம் கழித்து முதல் தடவையாக இருபது நிமிஷம் என்ற சொல்லைக் கேட்டதும் பிர்க்கமானின் கை தானாகவே விசைக்குப் போய்விட்டது.

"என் மூளைக்குத் தெரியும்" என்கிறார் அவர். "கைக்கு யாரும் சொல்லல."

நாற்பது தொழுவங்கள் திறந்தன. ஓடுபாதை நிறைய மாடு. அதைப் பார்த்துப் பதறிய பிர்க்கமான், அவற்றை விரட்ட மறுபடி சைரன் ஊதினார். முதல் சைரனுக்கு வராமல் சோம்பியிருந்தவையும் இரண்டாவதற்கு வந்து சேர்ந்தன. ஊரில் விசாரித்து நான் எடுத்த கணக்கு: எருமை முப்பத்தொன்று, பசு நாற்பத்திரண்டு, ஆடு எண்ணப்படவில்லை.

மேலே விமானம் வந்துவிட்டது.

"டிமுர்பாரி, கீழ என்ன கூட்டம்? வரவேற்பெல்லாம் வேணாம்னு சொன்னேனே."

"வரவேற்பு இல்ல சார். மாடு."

"எத்தன?"

"எல்லாம் சார்."

"பத்து நிமிஷம் சுத்தறேன். மேற்கால மேகம் மூடுது. அதுக்குள்ள தரை தெரியலன்னா போயிடுவேன். என்னக் கோவிச்சுக்காதீங்க."

முனையத்து பெஞ்சில் ரஸ்மிலாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. பூர்பா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். ஊரே ஓடியது. நாற்பது பேர் நாற்பது விதமாகக் கூப்பிட்டதில் எந்த மாட்டுக்கும் தன் வீட்டுக்காரர் குரல் கேட்கவில்லை. இடப்பக்கம் விரட்டியவை வலப்பக்கம் போயின, வலப்பக்கத்துக்காரர்கள் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். பூர்பா ஓர் எருமையின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதான். எருமை மேய்ந்துகொண்டே இருந்தது.

பிர்க்கமான் ஓடுபாதையை விட்டு எதிர்ப்பக்கமாக ஓடினார். பயந்து ஓடுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேரே லானிமாயாவின் மளிகைக் கடைக்குள் புகுந்தார். கடைக்காரப் பெண் என்பதால் ஊருக்கு அவள் சாஹுனி.

"சாஹுனி, உப்பு."

"எவ்வளவு?"

"மூட்டை."

"மழைல பாதை இல்ல, இருக்கறதே அது ஒண்ணுதான். யார் கணக்கு?"

"விமான நிலையம் தரும்."

இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அரசாங்கத்தின் சார்பாக அவர் கொடுத்த முதல் வாக்கு அது. முப்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. ஓடுபாதைக்குக் கீழே வேலியைத் தாண்டி, பழைய சோளக் காட்டில் மூட்டையைக் கிழித்துக் கொட்டினார். மழைக்காலம் முழுக்க உப்புக் காணாத மாடுகள். ஒரு கிழட்டுப் பசு மூக்கைத் தூக்கியது, இறங்கியது. அதன் பின்னால் மற்றவை இறங்கின. ஆடுகள் வேலி மேலேயே குதித்தன. நான்கு நிமிஷத்தில் ஓடுபாதை காலி.

விமானம் இறங்கியது. ரஸ்மிலாவை ஏற்றும்போது விமானி எடை கேட்டார். எடை மேடைக்குத் தூக்கிப்போக நேரமில்லை.

"அறுபத்திரண்டு" என்றார் பிர்க்கமான். "புருஷன் அறுபத்தெட்டு."

"உள்ள இருக்கறதையும் சேத்தா?"

"சேத்துத்தான் சார். நாலு மாசம் முன்னால அவள நிறுத்துப் பார்த்தேன், குழந்தை மூணு கிலோ அம்பது கிராம்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்."

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். எடை மூன்று கிலோ நூறு என்று பூர்பா போனில் சொன்னபோது, "அப்ப நான் அம்பது கிராம் கம்மியா சொல்லிட்டேன்" என்று பிர்க்கமான் வருத்தப்பட்டாராம்.

ஆக வதந்தியில் விமானத்தை எருமைகள் துரத்தியது மட்டும் பொய். பஸ் நிறுத்தத்தில் இதைச் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை. முந்நூறு எருமை முட்டிய கதையே நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஊருக்குள் இப்போது வேறொரு தகராறு. லானிமாயா உப்புக்குக் காசு கேட்கிறாள். சரிவுகளைத் தாண்டி நடந்தே ஊர் திரும்பிய பூர்பா கொடுக்க வந்தான்.

"உன் பொண்டாட்டிக்கா உப்பு வாங்கின? போடா."

பிர்க்கமான் தன் பையிலிருந்து நீட்டினார்.

"உன் காசு எனக்கெதுக்கு தாஜு? விமான நிலையம் தரும்னு நீதான சொன்ன. அது தரட்டும். நாளைக்கு இன்னொருத்தி வலி எடுத்துக் கிடப்பா. அப்ப உன் சொல்ல நம்பி நான் மூட்டையத் தூக்கித் தரணுமா வேணாமா?"

பாதை இல்லாததால் அவர் போனிலேயே காட்மாண்டுவுக்கு எழுதினார். பட்ஜெட்டில் புல் வெட்டத் தலைப்பு உண்டு, உப்புக்குத் தலைப்பு இல்லை என்று ஹாகிம் பதில் எழுதினார். பிர்க்கமான் மறுபடி எழுதினார். மாடுகளை அகற்றிய செலவு என்று பார்த்தால், மாடுகளை வரவழைத்தது யார் என்ற விசாரணை எழும் என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலைச் சாஹுனியின் கடையில் வைத்து எனக்குக் காட்டினார். கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டுமானால் காலிக் கோணியை ஆதாரமாக இணைத்து அனுப்பவும் என்று இருந்தது.

"அனுப்பலாமே" என்றேன்.

"அனுப்பலாம். ஆட்டுக்காரங்க கிடா அதத் தின்னுடுச்சு."

லானிமாயா எங்கள் இருவருக்கும் தேநீர் ஊற்றினாள். "கிடாவ அனுப்பு" என்றாள்.