சர்வர் இல்லாத பள்ளிக்கூடம்

அம்பிட்டியவில் என் ஜன்னலுக்கு வெளியே மழை நின்றும் நிற்காமலும் இருக்கும். அந்த மங்கலில் உட்கார்ந்திருக்கும்போது நான் தூங்குகிறேனா, நிரல் எழுதுகிறேனா என்பது எனக்கே சரியாகத் தெரியாது. அப்படியொரு காலையில்தான் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். பிலிமத்தலாவைக்கு இடமாற்றம் வந்துவிட்டதாம். பள்ளித் தவணை முடிந்ததும் போக வேண்டும், அவளுக்குப் பதிலாக யாரும் வருவதாக இல்லை.

"நா போனதுக்கப்புறம் புள்ளைங்க என்னடி செய்யும்? என் பாடத்தையெல்லாம் அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு."

அங்கே இணையம் கிடையாது. அதனாலென்ன என்றேன், பெரிய மனுஷி மாதிரி. வலைத்தளங்கள் கட்ட நான் வேலை செய்யும் பிரேம்வொர்க்கில் ஸ்டேட்டிக் எக்ஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. கேட்கக் கேட்க சர்வர் சமைத்துப் பரிமாறுவதற்குப் பதில், எல்லாப் பக்கங்களையும் முன்பே சமைத்து, சோற்றுப் பார்சல் போலக் கட்டிக் கொடுத்துவிடும். அக்காவின் பாடங்களை அப்படிக் கட்டி, பென் டிரைவில் கொண்டுபோனேன்.

பள்ளிக்கூட அதிபர் சுபநேரம் பார்த்திருந்தார். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றி, கல்வி அதிகாரியின் கையால் முதல் பக்கத்தைத் திறக்கவைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி 'பின்னங்கள்' பாடத்தை அழுத்தினார். கோப்பைக் காணவில்லை என்றது திரை. அடுத்த பாடத்துக்கும் அதே பதில்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

"இதுக்கு இன்னும் தூக்கம் தெளியல சேர்" என்று அக்கா சிரித்துவிட்டு, சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

தப்பு என்னுடையதுதான். என் மடிக்கணினியில் சர்வர் எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சோதித்ததெல்லாம் அதன் தயவில். ஒவ்வொரு இணைப்பும் சர்வரின் தலைவாசலிலிருந்து வழி சொன்னது. சர்வரே இல்லாத இடத்தில் தலைவாசலுக்கு எங்கே போவது?

பிறகு சில நாட்கள் அந்த எக்ஸ்போர்ட் பகுதியையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமும் தான் நிற்கும் இடத்திலிருந்தே அடுத்ததற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். மூடுபனி இறங்கி எதிர்வீட்டை மறைக்கும், கொஞ்ச நேரத்தில் திருப்பித் தரும். கண்ணை மூடினால் கோப்புறைக்குள் கோப்புறையாக நானே நடந்துபோவேன், ஒரு மேடு ஏறி, இரண்டு மேடு இறங்கி. கடைசியில் சர்வரை நிறுத்தி, இணையத்தையும் துண்டித்து, ஒவ்வொரு பாடமாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் திறந்தன. திருத்தத்தைப் பிரேம்வொர்க்கைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் ஒற்றை வரியில் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். இந்த முறை விளக்குமில்லை, அதிகாரியுமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, பின்னத்திலிருந்து வட்டத்துக்கும் வட்டத்திலிருந்து முக்கோணத்துக்கும் தாவினார்கள். "இங்க பாரு, விடையும் இருக்கு" என்று ஒருத்தி கத்தினாள். அக்கா வாசற்படியில் நின்றாள். சந்தேகம் கேட்டுக் கூப்பிடுவார்கள் என்று வெகுநேரம் காத்திருந்தாள்.

"ஒருத்தரும் என்னைய திரும்பிப் பாக்கல, பாத்தியாடி?" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.