ஏரிக்கு முன்னால் ஒரு குட்டை

புஷ்பா அக்கா போய்விட்டார். காலையில் ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று அவர் மகள் போனில் சொன்னாள்.

அவர் வீடு இருக்கும் தாபோடிக்குக் கிளம்பினேன். ஔந்த் தாண்ட முடியாமல் மழைத்தண்ணீரில் கேப் நிற்கிறது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி... அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. பாணேரில் நான் வேலை பார்க்கும் கன்சல்டன்சியில் சீனியர் இன்ஜினியர். பிறந்து வளர்ந்ததெல்லாம் தாபோடி. பேசும் தமிழில் பாதி இந்தி, மராத்தி.

கோயம்புத்தூரிலிருந்து நான் வந்த புதிதில், "அரே, எதுக்கு இவ்ளோ 'ங்க' போடுற? பயமா இருக்குப்பா" என்று சிரித்தார்.

சேர்ந்து செய்தது ஒரு ஏரி ப்ராஜெக்ட். மழை பெய்தால் சுற்றியுள்ள ரோடு, பார்க்கிங், கட்டட வேலை நடக்கும் இடம் எல்லாவற்றின் ஆயிலும் மண்ணும் குப்பையும் நாலாக்கள் என்கிற மழைநீர் வாய்க்கால்கள் வழியாக நேரே ஏரியில் விழும்.

ஏரிக்கு முன்னால் ஒரு குட்டை. அதுதான் அக்காவின் பிளான். தண்ணீர் அங்கே கொஞ்சம் நின்று, அழுக்கு படிந்து, நாணலுக்குள் வடிந்து ஏரிக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு மீட்டிங்கிலும் அந்தக் குட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த இடம் பார்க்கிங் ஆனது. மிஞ்சியது பெரிய பைப் மட்டும்.

"இது அழுக்கை இன்னும் வேகமா ஏரியில தள்ளும், அவ்ளோதான். என் பேரை எடுத்துடுங்க" என்று அக்கா மேனேஜரிடம் இந்தியில் சொன்னதை நான் கேட்டேன். எடுக்கவில்லை. சைட் போர்டில் அவர் பெயர் போன் நம்பரோடு ஏறியது.

"விட்டுட்டு வேற வேலை பாருங்கக்கா" என்றேன் கேன்டீனில்.

"எங்க போறது, சொல்லு? வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் ஓடுது. புதுசா எவன் குடுப்பான்?" டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஏரிக்கரையில் குடியிருப்பவர்களிடமிருந்து போன் வரும். ஏரி நாறுகிறது, மீன் செத்து மிதக்கிறது... அக்கா ஒரு போனைக்கூடக் கட் செய்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் எதிரில் நின்று திட்டு வாங்குவார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். ஏரிக்கரை அபார்ட்மென்டின் சேர்மன், வயதானவர். "வெட்கமாக இல்லையா உங்களுக்கு?" என்று மராத்தியில் கத்தினார்.

"ஆஹே" என்றார் அக்கா. இருக்கிறது என்று.

சேர்மனின் குரல் இறங்கியது. "சரி, இப்போ என்ன செய்யலாம்?" என்றார். அக்கா, ஒரு நாலாவை ஒட்டியிருந்த அவர்கள் காம்பவுண்டின் காலி மூலையைக் காட்டினார்.

அபார்ட்மென்ட்காரர்களே குட்டைக்குக் குழி தோண்டினார்கள். லீவு நாட்களில் அக்கா போய் நின்று ஜல்லியும் நாணலும் போட வைத்தார். ஆபீசுக்குத் தெரியாது.

போன மழையில் அந்த ஒரு நாலாவில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிந்து போனது. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அப்படியேதான்.

"பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா நான் போட்டது எங்கயோ ஒரு இடத்துல இருக்குல்ல?" என்றார்.

இனி அவர் கணவருக்கு அந்த இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்... யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

இப்போதுதான் மேனேஜரின் மெசேஜ். ஏரி ப்ராஜெக்ட் இனி என் பொறுப்பாம். சைட் போர்டில் இனி என் பெயரும் நம்பரும்.

போய் வாருங்கள், அக்கா.