மாமா ட்ரை பண்றார்

ஈரம் ஏறிய காகிதம் மெல்லச் சூடாகும்போது ஒரு வாசனை வரும். பழைய பசையும் அச்சு மையும் கொஞ்சம் பூஞ்சையும் கலந்த வாசனை. சிதம்பரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கூடம் முழுக்க அந்த வாசனைதான். எங்கள் டி.வி. அந்தக் காலத்துப் பெட்டி. பின்பக்கம் பெரிதாகப் புடைத்திருக்கும், இரண்டு சீரியல் ஓடி முடிந்தால் தொட்ட கையைச் சுடும். அந்த டி.வி.யின் முதுகில்தான் குமரவேல் மாமா தன்னுடைய பொது அறிவு "கைடு"களைப் பரப்பிக் காயவைப்பார். விளம்பரம் வரும்போதெல்லாம் என் அக்கா கலைச்செல்வி எழுந்து போய், அப்பளத்தைத் திருப்பிப் போடுவதுபோல அவற்றைத் திருப்பி வைத்துவிட்டு வருவாள்.

மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவர் அல்ல, அப்பாவின் அக்கா மகன், எங்களுக்கு முறை மாமா. அத்தை வாழ்க்கைப்பட்டது குமராட்சிப் பக்கம். கணவர் போய், கொள்ளிடத்துத் தண்ணீர் வயலில் ஏறி நின்று பயிரும் போன ஒரு வருஷத்தில், மகனை அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே ஓர் ஓட்டு வீட்டில் குடிவந்துவிட்டார். அந்த வீடு ஒழுகும். அதனால்தான் கைடுகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கைடுகளுக்காக மட்டும்தான் மாமா வந்தார் என்று நம்புகிற அளவுக்கு நான் சின்னப் பிள்ளையாக இருந்தேன். இரண்டாயிரத்து நான்கில் எனக்கு ஐந்தாம் வகுப்பு. மாமா பி.ஏ. முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுதத் தொடங்கியதும் அந்த வருஷம்தான்.

"பையன் என்ன பண்றான்?" என்று யாராவது அத்தையைக் கேட்டால் அத்தை சொல்லும் பதில், "ட்ரை பண்றான்". எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. லாரி ஓட்டுகிறான், கடை வைத்திருக்கிறான் என்பதைப்போல அதுவும் ஒரு தொழில். எங்கள் தெருவில் மட்டும் அந்தத் தொழிலில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட வினைச்சொற்களிலேயே இதைப்போல வளைந்து கொடுக்கிற சொல் வேறு இல்லை. சட்டை எப்போது கிடைக்கும் என்றால் தையல்காரர் "நாளைக்கு ட்ரை பண்றேன்" என்பார். நாளைக்குக் கிடைக்காது என்று அதற்கு அர்த்தம். பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு "வர ட்ரை பண்றேன்" என்று ஒருவர் சொன்னால், பந்தியில் அவருக்கு இலை போட வேண்டியதில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நாம். நம் கூச்சத்தை ஒரு வெள்ளைக்காரச் சொல்லின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

மாமா அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்தவில்லை. அவர் ட்ரை பண்ணினால் ட்ரை பண்ணினார். விடிவதற்கு முன் எழுந்து வரக்காப்பியோடு உட்கார்ந்தால், ஆறுகளும் அணைகளும் அரசர்களும் சட்டத் திருத்தங்களும் ஓட்டு வீட்டிலிருந்து முணுமுணுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தேர்விலும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் போகும். "அடுத்த தடவ வுடமாட்டேன்" என்று அக்காவைப் பார்க்காமல் அக்காவுக்குச் சொல்வார். அப்பா மட்டும் பேப்பரை மடக்கிக்கொண்டு, "ட்ரை பண்ணட்டும், பாக்கலாம்" என்பார். அத்தை வாய்விட்டுக் கேட்டதற்கும் அதே பதில்தான். பெண் கொடுக்கிறேன் என்றும் சொல்ல மாட்டார், கொடுக்க மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். அந்த "பாக்கலாம்" எங்கள் வீட்டு உத்தரத்தில் ஐந்து வருஷம் தொங்கியது.

ஆறாவது வருஷம் அப்பா வாயைத் திறந்தார். மாமா எழுதிவந்த வேலைக்கான வயது வரம்பு அவருக்கு அந்த வருஷத் தேர்வோடு முடிகிறது. "இதுல வந்துட்டான்னா தை மாசம் கல்யாணம். இல்லன்னா பெண்ணாடத்துல இருந்து ஒரு எடம் வந்திருக்கு, அதப் பாக்கணும். அவளுக்கும் வயசு ஆவுதுல்ல?" என்றார். அதற்குப் பிறகு அக்கா கைடுகளைத் திருப்ப விளம்பரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

தேர்வு கடலூரில், ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை நாள்காட்டித் தாளைப் பார்த்தார். அன்றைக்கு மாமாவின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். அன்றைக்குக் கிளம்பினால் காரியம் ஆகாது என்பது அத்தையின் முடிவு. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் நாளே நல்ல நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் கிளம்புவது வெறும் தொடர்ச்சி. அத்தை அதைப் "பயணம் எடுத்து வெக்கிறது" என்பார். மாமா சிரித்தார். "ஹால் டிக்கெட்டு, பேனா எல்லாம் அதுலதான் இருக்கணும். இல்லன்னா அது பயணமா?" என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையைத் தெருமுனையில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனது அக்கா. நானும் கூடப் போனேன். டீச்சருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பையை வாங்கி, உள்ளே மாதா படத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "எங்க மாதாவும் சேந்து பாத்துக்குவாங்க, போ" என்றார். அக்கா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஞாயிறு விடியற்காலையில் மாமா பையை எடுக்கப் போனார். கதவில் பூட்டு தொங்கியது. சேத்தியாத்தோப்பில் டீச்சரின் அண்ணன் இரவோடு இரவாகத் தவறிவிட்டாராம். வேன் பிடித்து வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். டீச்சரின் செல்லுக்குப் போன் போட்டோம். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. அழுதுகொண்டே கிளம்பியவர் போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். பையையும் மறந்துவிட்டார், அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாதா படத்தின் சின்ன சிவப்பு விளக்கும், அதற்குக் கீழே மாமாவின் நீலப் பையும் தெரிந்தன. எந்தக் கம்புக்கும் எட்டாத தூரம்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் வேறு சாவி இருக்குமா என்று ஓர் ஆள் ஓடினார். அவர் ஊரில் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முதல் பஸ் போய்விட்டது. அப்பா வீட்டிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் மாமா பூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வேணாம் மாமா. சாவுக்குப் போயிருக்காங்க. திரும்பி வரும்போது கதவு ஒடஞ்சி கெடந்தா அவுங்களுக்கு எப்படி இருக்கும்? யாராவது வருவாங்க, பாப்போம்."

அப்பா கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் அதை அவ்வளவு சுலபமாகக் கீழே வைத்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மாமா படியில் உட்கார்ந்தார். இன்னொரு பஸ்ஸும் போயிருக்கும். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் வேனில் போனவர்களைப் பைக்கில் துரத்தலாம் என்றார், ஆனால் பைக்கை எடுக்கவில்லை.

அப்போது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போவதற்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறவள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துப் பூட்டை அடித்தாள். சத்தத்துக்குத் தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்தன. "கலை, நிறுத்துடி!" என்று அம்மா கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்ததும் உள்ளே ஓடிப் பையைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் போட்டாள். "ஓடு மாமா" என்றாள். மாமா ஓடினார்.

கடலூரில் மணி அடித்து வாசலை அடைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார். "உள்ள வுட்டா என் வேலைய காலி பண்ணிடுவாங்க தம்பி" என்றாராம் காவல்காரர். மாமா அவரோடு சண்டை போடவில்லை. சாயங்காலம் ஊர் திரும்பியபோது அவர் கையில் ஒரு புதுப் பூட்டும் புதுத் தாழ்ப்பாளும் இருந்தன, கடலூரிலேயே வாங்கியிருக்கிறார். தானே ஆணி அடித்துப் பொருத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்ததும் சாவிகளைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். துக்கத்தில் வீங்கிய முகத்தோடு டீச்சர் அவரையும் சாவிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பூட்டுதானேப்பா. விடிஞ்ச ஒடனே ஒடச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை வேலையில் இருந்த மாப்பிள்ளையோடு. ஊர் வாய் "பூட்டை ஒடச்ச பொண்ணு" என்று பேசத் தொடங்கியிருந்ததால் அப்பா அவசரப்பட்டார். முறைப் பையன் என்பதால் தட்டில் வேட்டி துண்டு வைத்து மாமாவிடம் சம்மதம் கேட்டார்கள். "எனக்கென்ன மாமா, நல்ல எடம்" என்று வாங்கிக்கொண்டார். பந்தியில் அவர்தான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மழை முடிந்த பிறகும் டி.வி.யின் முதுகில் ஒரு கைடு கிடந்தது. யாரும் அதைத் திருப்பவில்லை, கடைசியில் பழைய பேப்பர்காரருக்குப் போனது.

நான் இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வினைச்சொற்களைப் பற்றிய ஒரு வகுப்புக்காக அகராதியைப் புரட்டியபோது இந்த "ட்ரை"யின் பூர்விகம் கண்ணில் பட்டது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். அங்கே அதற்கு முயற்சி என்ற அர்த்தமே இல்லை. பொறுக்கிப் பிரிப்பது, சலித்து எடுப்பது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் முதலில் தேறியது எது, தேறாதது எது என்று ஆராய்வதுதான். நீதிமன்றத்தில் ஒருவனை விசாரிப்பதற்கு இன்றும் அதே சொல். முயன்று பார்ப்பது என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அகராதியை மூடி வைத்துவிட்டேன். மாமா ட்ரை பண்ணுகிறார் என்று அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னோமே, சல்லடையைக் கையில் பிடித்திருந்தது நாங்கள் அல்லவா? அன்று வகுப்பில் முயற்சி என்ற அர்த்தத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. டீச்சர் வீட்டை வாங்கியவர்கள் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். டி.வி.க்கள் சுவரில் ஒட்டிக்கொண்டன. ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட அவற்றில் இடமில்லை. மாமா சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறார், பிந்தித்தான் கல்யாணம் செய்துகொண்டார், ஒரே பெண். போன மாதம் நான் பெண்ணாடத்தில் அக்கா வீட்டில் இருந்தபோது அவரிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. மகளுக்குக் காது குத்தப் போகிறார்களாம். பத்திரிகை தபாலில் வருகிறது, நீ அவசியம் வரணும் என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் எப்போதோ செத்துப் போய்விட்டது. அக்காவின் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொன்னால் அவள் முகம் மாறும் என்பது தெரியும், ஏனென்று தெரியாது.

"வர மாட்டேன் மாமா" என்றாள் அக்கா.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"சரி கலை" என்றார்.