பிடியை விடாத சனிக்கிழமை

நான் எட்டாம் வகுப்பு ஃபெயில். கபடி ஆடுவதைத் தவிர வேறு எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் ரெஸ்டாரண்ட் சமையல்காரனாக இருந்த என்னை, ரக்பி லீக் டீமில் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்து நாலு ஊர்கள் சனிக்கிழமைகளில் மோதும் போட்டி. நாங்கள் சரியாகப் பன்னிரண்டு விளையாட்டு வீரர்களும் ஒரு தொப்பையுமாக இருந்தோம்.

கேப்டன் ஈரோட்டுக்காரர், ஃபிசியோதெரபிஸ்ட். "பந்தோட வர்றவன் காலைப் புடிங்கண்ணா. ரெஃப்ரி 'ஹெல்ட்'னு கத்துனா விட்றோணும். அவ்ளோதான்."

"புடிக்கறது பழக்கம் சார். விடறதுதான் புதுசு."

அவர் மட்டும் சிரித்தார். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது.

கபடியில் பிடித்தவன் விடமாட்டான். பாடி வந்தவனின் மூச்சு தீரும்வரை கணுக்கால் நம் கையில்தான்.

அன்றைக்கு எதிர் டீமிலிருந்து கூரை போடும் வேலைக்காரர் ஒருவர் பந்தோடு வந்தார். பிடித்தேன். நின்றுவிட்டார். ரெஃப்ரி கத்தியது காதில் விழுந்தது. ஆனால் வெளியே கூட்டம் என் சட்டை நம்பரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. எனக்காக ஒரு கூட்டம் கத்துவது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தேன். அவர் உடம்பைத் திருப்ப முயன்றார். என் பிடியில் இருந்த கால் திரும்பவில்லை, முழங்கால் முறுக்கிக்கொண்டது.

லீக் கமிட்டியின் விசாரணைக்குக் காரில் போகும்போது கேப்டன் சொன்னார்: "அவரு ஏணி ஏற ஒரு வருஷம் ஆகுமாம். வேணும்னே புடிச்சீங்கன்னு தெரிஞ்சா உங்களை சஸ்பெண்ட் பண்ணிருவாங்க. பன்னெண்டு பேர வெச்சுட்டு டீமே இல்லீங்கண்ணா. ரெஃப்ரி சத்தம் கேக்கலைன்னு சொல்லிருங்க."

"இங்கிலீஷ்ல எனக்கு உண்மையே வராது. பொய் எப்படி சார் வரும்?"

"தமிழ்ல சொல்லுங்க. நான் டிரான்ஸ்லேட் பண்றேன்."

சர்ச் ஹாலில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். ஓரமாக அந்தக் கூரை வேலைக்காரர், முழங்காலில் கட்டோடு. சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள்.

"கேட்டுச்சு சார். கேட்டும் விடல" என்றேன்.

கேப்டன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "ஹி டிட்ன்ட் ஹியர் இட்" என்றார்.

அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அடிபட்டவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வெளியே வரும்போது அவராகவே கை கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பதின்மூன்று பேராக இறங்கிப் படுதோல்வி அடைந்தோம்.

"என்னங்கண்ணா, இன்னிக்கு ஒருத்தனைக்கூடப் புடிக்கலையே?" என்றார் கேப்டன்.

"கை வழுக்குது சார்" என்றேன். மழையே பெய்யவில்லை.