மடகாஸ்கருக்கு முன் மூலக்குளம்

காலை ஆறேகாலுக்குச் சென்னையில் பஸ் ஏறி, பத்து மணிக்குப் புதுச்சேரியில் இறங்கினேன். நூற்றைம்பது கிலோமீட்டர். அடுத்த மாதம் போகவேண்டிய மடகாஸ்கரை நினைத்தால் இதெல்லாம் ஒரு தூரமா! அங்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். பாடம் பிரெஞ்சில் நடத்த வேண்டும். நான் பிரெஞ்சு படித்தது இந்த ஊரில்தான், ஐந்தாம் வகுப்புப் பாதி வரை. அப்பாவுக்கு மாற்றல் வந்து கிளம்பியதோடு சரி.

அப்போது வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி, ஊருக்கு மேற்கே மூலக்குளத்தில் இருக்கிறாள். அதே மடகாஸ்கர் தீவில் இரண்டு முறை பாடம் நடத்தித் திரும்பியவள். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வில்லியனூர் ரோட்டில் வயலெல்லாம் எங்கே போயிற்று என்று அங்கலாய்த்தேன். ஆட்டோக்காரத் தம்பி, தனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே வீடுகள்தான் என்றான். எனக்கு வயசாகிவிட்டதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

பதினொரு மணி. அவளிடம் காட்டுவதற்காக, மடகாஸ்கருக்கு அடுக்கிய பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்; லூர்து அதைக் கவிழ்த்தாள். டார்ச், கொசுவலை, மாத்திரை, தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாம் தேறின. பிள்ளைகளுக்காக வாங்கிய நூறு பேனாவைத் தனியே வைத்தாள்.

"இத நீயே குடுத்தின்னா, வருஷம் பூரா அங்க நிக்கிற வாத்தியாருக்கு என்னாடி மரியாத? அவர் கையில குடு, அவர் குடுக்கட்டும்."

முப்பத்திரண்டு வருட டீச்சருக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு பரீட்சை. அவள் வீட்டு முன்னறையில், பள்ளி விடுமுறையில் டியூஷனுக்கு வரும் எட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. தமிழோ இங்கிலீஷோ பேசாமல் கழித்தல் நடத்த வேண்டும், முடியாவிட்டால் ரத்து செய்துவிடு என்று என் விமான டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் சொன்னால் செய்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அவளிடம் அந்த பயம்.

முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது. வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து, பத்துப் புளியங்கொட்டையைப் பரப்பி, மூன்றைக் கையால் மூடினேன். திவ்யா என்ற மீனவர் வீட்டுப் பெண் ஏழு விரலைக் காட்டினாள். நான் அதைப் பிரெஞ்சில் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிறகும் அதே விளையாட்டு. மூன்று மணிக்குத் திவ்யா கொட்டைகளை மறைத்தாள், நான் எண்ணிச் சொன்னேன். ஓய்வு பெற்றபின் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று திவ்யா கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வாசலில் செருப்பை மாட்டினேன். லூர்து என் கையைப் பிடித்தாள்.

"அதுகிட்ட சொல்லிட்டுப் போ. அன்னிக்கு நீ சொல்லாம போனல்ல, ஒரு வாரம் பெஞ்சுல உனக்கு எடம் புடிச்சி வெச்சிருந்தேன்டி."

ஐம்பது வருடமாக அவள் இதைச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய், நாளைக்கு வரமாட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று திவ்யாவிடம் தமிழில் சொன்னேன்.

"அப்ப எதுக்கு டீச்சர் வந்தீங்க?"

கற்றுக்கொள்ள வந்தேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. லூர்து டிக்கெட்டை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இந்த ஊரைவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பியது இதுதான் முதல் தடவை.